உயிரோடு இருந்தவர்களுக்கு ஓர் ஒப்பாரி

நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில், மலைகளுக்கு நடுவே சுமார் 50 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜார்ஜ் ஏரி கிடக்கிறது. அதன் தென்முனையில் 1755-ல் ஆங்கிலேயர்கள் பெரிய மரக்கட்டைகளை அடுக்கி, நடுவே மண்ணைக் கொட்டி ஒரு கோட்டை கட்டினார்கள். வில்லியம் ஹென்றி கோட்டை என்று பெயர். கட்டிய இரண்டே வருடத்தில், 1757 ஆகஸ்டில், பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்துத் தீ வைத்தார்கள். ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பரின் 'த லாஸ்ட் ஆஃப் த மொஹிகன்ஸ்' நாவல் இந்தக் கோட்டையையும் சுற்றியிருந்த காட்டையும் களமாகக் கொண்டது. 1826-ல் வெளிவந்தது.

நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிற நாவல்களில் இது ஒன்று. பள்ளிப் பிள்ளைகளுக்கான சுருக்கப் பதிப்பைத்தான் நம்மில் பலரும் முதலில் பார்த்திருப்போம். அதில் துரத்தலும் தப்பித்தலும் துப்பாக்கிச் சூடும் இருக்கும். முழுப் புத்தகத்தில் அதோடு பேச்சு இருக்கிறது. நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசுவது, சபையில் எழுந்து பேசுவது, எதிரியின் முகத்துக்கு நேராகப் பேசுவது. நாவலின் உயிர் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. சுருக்குகிறவர்கள் முதலில் வெட்டுவதும் அதைத்தான்.

கதை எளிது. கோட்டைத் தளபதி மன்றோவின் மகள்கள் கோரா, ஆலிஸ் இருவரும் ஆங்கிலேயரின் இன்னொரு கோட்டையான எட்வர்ட் கோட்டையிலிருந்து அப்பாவைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். துணைக்கு மேஜர் ஹேவர்ட். வழிகாட்ட மாகுவா என்ற ஹ்யூரன் இனத்தவன். அவன் மனதில் வஞ்சம் இருக்கிறது, வேண்டுமென்றே வழியை மாற்றுகிறான். காட்டிலேயே வாழ்ந்து பழகிய வெள்ளைக்கார வேட்டைக்காரன் ஹாக்ஐயும், அவனுடைய நண்பர்களான மொஹிகன் தலைவர் சிங்காச்கூக்கும், அவர் மகன் அன்கஸும் இவர்களைக் காப்பாற்றுகிறார்கள். அப்புறம் மாட்டுகிறார்கள், தப்பிக்கிறார்கள், மறுபடி மாட்டுகிறார்கள்.

மூன்றாம் அத்தியாயத்துக்கு வாருங்கள். ஹாக்ஐயும் சிங்காச்கூக்கும் ஓர் ஓடைக்கரையில் உட்கார்ந்து, இந்த மண்ணை யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று வழக்காடுகிறார்கள். ஹாக்ஐ முதலில், உங்கள் முன்னோர்களும் இன்னொருவரை விரட்டிவிட்டுத்தானே வந்தார்கள் என்கிறான். சிங்காச்கூக் மறுக்கவில்லை. பொறுமையாகத் தன் மக்களின் கதையைச் சொல்கிறார். கடலில் மீன், காட்டில் மான், வானத்தில் பறவை என்று எல்லாம் இருந்த காலம் அது. டச்சுக்காரர்கள் கரையிறங்கிச் சாராயத்தைக் கொடுத்தார்கள். வானமும் பூமியும் ஒட்டிக்கொள்வதாகத் தோன்றும்வரை குடித்தவர்கள் நிலத்தைக் கைவிட்டார்கள். அடி அடியாகக் கரையிலிருந்து பின்னால் தள்ளப்பட்டார்கள். ஒரு தலைவனாகிய நான் மரங்களின் ஊடாகத் தவிர வெயிலைப் பார்த்ததில்லை, என் தகப்பன்மாரின் கல்லறைகளுக்குப் போனதில்லை என்கிறார். இத்தனையையும் கூப்பர் ஒரே மூச்சில் சொல்லவைக்கிறார். நிலம் பறிபோவதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன பகுதிகள் எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

இதை எழுதியவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூப்பர் 1789-ல் பிறந்தார். அப்பா வில்லியம் கூப்பர், ஒட்செகோ ஏரிக்கரையில் ஏராளமான நிலத்தை வளைத்து, மனை மனையாகக் குடியேறிகளுக்கு விற்று, ஊருக்குத் தன் பெயரையே வைத்தவர். கூப்பர்ஸ்டவுன் இன்றும் இருக்கிறது. சிங்காச்கூக் புலம்புகிற அந்தப் பறிப்பின் பலனில் வளர்ந்த பிள்ளைதான் இந்த ஆசிரியர். அவருடைய துக்கம் போலி என்று நான் சொல்லமாட்டேன். நாவலைப் படித்தால் மனசாரத்தான் அழுதிருக்கிறார் என்று தெரியும். ஆனால் அந்தத் துக்கத்துக்குள் ஒரு வசதியும் இருக்கிறது. அது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மாகுவாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திரைப்படத்தில் பார்த்தவர்கள் அவனை வில்லனாக மட்டும் நினைவு வைத்திருப்பார்கள். பதினோராம் அத்தியாயத்தில் அவன் கோராவிடம் தன் கதையைச் சொல்கிறான். தன் இனத்தில் தலைவனாக இருந்தவன். கனடாவிலிருந்து வந்த வெள்ளையர்கள் சாராயம் பழக்கினார்கள். அதனால் சொந்த ஜனங்களே துரத்திவிட்டார்கள். பிறகு ஆங்கிலேயர் பக்கம் வந்து மன்றோவின் கீழ் இருந்தபோது, குடித்துவிட்டுக் கூடாரத்துக்குள் நுழைந்தான் என்று மன்றோ அவனைக் கட்டிவைத்துச் சாட்டையால் அடிக்கவைத்தார். சாராயத்தை ஊற்றிக் கொடுத்தது யார், என்னைக் கெட்டவனாக்கியது யார் என்று கேட்கிறான். போரில் பட்ட தழும்புகளைப் பெருமையோடு காட்டுகிறவன், முதுகில் விழுந்த சாட்டைத் தழும்பைத் துணி போட்டு மறைக்கிறான். கோராவால் அவன் கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை. நாவல் முழுக்கவே யாரும் சொல்லவில்லை. கூப்பர் அவனைக் கடைசியில் பாறை உச்சியிலிருந்து விழவைத்துக் கணக்கை முடிக்கிறார். கேள்வி என்னவோ அப்படியே நிற்கிறது.

சரி, முற்றுகைக்கு வருவோம். வட அமெரிக்கா யாருக்கு என்று இங்கிலாந்தும் பிரான்சும் 1754 முதல் 1763 வரை மோதிக்கொண்ட போரின் நடுக்கட்டம் இது. அந்த மோதலின் இன்னொரு முனை நம் மண்ணில் இருந்தது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி புதுச்சேரியில் வந்து இறங்கியதும், 1760 ஜனவரியில் வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் தோற்றதும், அடுத்த ஜனவரியில் புதுச்சேரி விழுந்ததும் இந்தச் சண்டையின் பகுதிகள்தான். 1763-ல் பாரிசில் கையெழுத்தான ஒரே உடன்படிக்கையில் பிரான்ஸ் கனடாவை விட்டுக்கொடுத்தது, புதுச்சேரியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. இரண்டு மண்ணுக்கும் சொந்தக்காரர்கள் அந்த மேசையில் இல்லை.

1757 ஆகஸ்ட் 3-ம் தேதி பிரெஞ்சுத் தளபதி மோன்கால்ம் ஏறக்குறைய 8,000 பேரோடு கோட்டையைச் சூழ்ந்தார். அதில் கிட்டத்தட்ட 1,800 பேர் பூர்வகுடி வீரர்கள். முப்பதுக்கும் மேற்பட்ட இனங்களிலிருந்து, இன்றைய அமெரிக்க-கனடா எல்லையில் 'பெரிய ஏரிகள்' என்று அழைக்கப்படும் ஏரிகளுக்கு அப்பாலிருந்தெல்லாம் வந்தவர்கள். உள்ளே கர்னல் மன்றோவிடம் சுமார் 2,300 பேர். (நிஜ மன்றோவும் உண்டு. மகள்கள் இருவரும் கூப்பரின் கற்பனை.) உதவி கேட்டு எட்வர்ட் கோட்டைக்கு ஆள் அனுப்பினார்கள். அங்கே ஜெனரல் வெப் கையில் படை இருந்தது. தூரம் சுமார் 25 கிலோமீட்டர்தான். ஆனால் இப்போதைக்கு வர முடியாது, கிடைக்கிற நிபந்தனையில் சரணடையுங்கள் என்று பதில் எழுதினார்கள். கடிதம் கொண்டுபோனவன் வழியில் கொல்லப்பட்டான். கடிதம் மோன்கால்ம் கைக்குப் போனது. அவர் அதைச் சில நாள் வைத்திருந்து, பீரங்கிகள் நெருங்கிய நேரம் பார்த்து, ஓர் அதிகாரி மூலம் மரியாதையோடு மன்றோவுக்கே அனுப்பிவைத்தார். நாவலில் மோன்கால்ம் நேரிலேயே அந்தக் கடிதத்தை நீட்டுகிறார். மன்றோ படிக்கிறார், தலை மார்பில் சாய்கிறது. எதிரியின் பீரங்கிக்கு அசராத கிழவர் சொந்த ஆட்களின் கடிதத்தில் உடைந்து போகிறார். கூப்பர் வரலாற்றை மிகச் சரியாகத் தொட்ட இடம் இது.

9-ம் தேதி சரணாகதி. ஆயுதத்தோடும் கொடியோடும் கௌரவமாக வெளியேறலாம், பதினெட்டு மாதம் போரிடக்கூடாது என்பது நிபந்தனை. ஐரோப்பியக் கனவான்கள் இருவருக்கும் அது திருப்தி. ஆயிரம் மைல் தாண்டி வந்த பூர்வகுடி வீரர்களுக்கு அதில் என்ன இருந்தது? அவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள் அல்ல. எதிரியின் பொருளும், கைதிகளும், வீரத்துக்குச் சாட்சியாக எதிரியின் தலையிலிருந்து முடியோடு உரித்துக் கொண்டுபோகும் உச்சித்தோலும்தான் அவர்களுக்கான ஊதியம். இன்னொருவன் போட்ட கையெழுத்தில் அத்தனையும் போயிற்று. மறுநாள் 10-ம் தேதி காலை, வெளியேறி நடந்த கூட்டத்தின் மேல் பாய்ந்தார்கள்.

நாவலின் பதினேழாம் அத்தியாயத்தில் இது ஒரு சால்வையில் தொடங்குகிறது. ஒரு பெண் தன் குழந்தையைப் பளிச்சென்ற நிறச் சால்வையில் சுற்றியிருக்கிறாள். ஒரு ஹ்யூரன் அதற்கு ஆசைப்பட்டு இழுக்கிறான். அடுத்த சில வரிகளை நான் இங்கே எழுதப் போவதில்லை. படித்தவர்களுக்குத் தெரியும். செத்தவர்கள் 500 முதல் 1,500 வரை என்று கூப்பர் அடிக்குறிப்புப் போட்டார். பிற்கால ஆய்வில், பெயர்ப்பட்டியல்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகு, அது 69-க்கும் 184-க்கும் இடையில் என்று தெரிந்தது. நூற்றுக்கணக்கானோர் கைதிகளாகப் போய், பலர் பிறகு மீட்கப்பட்டார்கள். நூறு பேர் சாவும் சின்ன விஷயமில்லை. ஆனால் நூறை ஆயிரமாக நம்பிய ஒரு தேசம், அந்த நம்பிக்கையை வைத்துப் பூர்வகுடிகள் எல்லாரையும் எடைபோட்டது. அதில் இந்த நாவலுக்குப் பெரிய பங்கு உண்டு.

கூப்பர் சொல்லாத இன்னொன்றும் நடந்தது. கோட்டைக்குள் பெரியம்மை இருந்தது. உச்சித்தோலுக்காகவும் துணிமணிக்காகவும் வீரர்கள் புதைகுழிகளைத் தோண்டினார்கள். அந்தத் துணிகளோடும் கைதிகளோடும் நோயும் படகேறி பெரிய ஏரிகள் வரை போனது. பொட்டவாட்டமி என்ற பூர்வகுடி மக்கள் பெரும் அழிவைச் சந்தித்தார்கள். ஒரு நாள் கொலையைப் பற்றிப் புத்தகங்கள் வந்தன. அதன் பின்னால் ஊர் ஊராக விழுந்த சாவைப் பற்றி அன்றைக்கு எழுத ஆளில்லை.

கூப்பரின் நடை பலருக்கு ஒத்துக்கொள்ளாது என்று எனக்குத் தெரியும். வாக்கியங்கள் நீளம், வர்ணனை அதைவிட நீளம். மார்க் ட்வைன் 1895-ல் ஒரு கட்டுரையில் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார். சத்தம் கேட்கக்கூடாத இடத்தில் எல்லாம் யாராவது ஒரு காய்ந்த சுள்ளியை மிதித்துவிடுகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. நியாயம்தான். ஆனால் அவர் கேலி செய்த ஒரு காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. கடத்தப்பட்ட பெண்களின் தடத்தைத் தேடிப் போகும்போது ஓர் ஊற்றருகில் தடம் அறுந்துபோகிறது. பெரியவர்கள் இருவரும் திகைத்து நிற்கிறார்கள். அன்கஸ் குனிந்து, ஊற்றிலிருந்து வழிந்தோடும் கலங்கல் நீரை மண்ணால் அணைகட்டி வேறு பக்கம் திருப்புகிறான். நீர் வடிந்த ஈர மண்ணில் ஒரு தோல்செருப்பின் தடம் பதிந்திருக்கிறது. ட்வைன் இதை அப்பா செய்ததாக எழுதினார். செய்வது மகன், அதுதான் அந்தக் காட்சியின் அழகே. அதே அத்தியாயத்தில் கொஞ்சம் முன்னால், அன்கஸுக்கு முதலிலேயே தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று ஹேவர்ட் ஆச்சரியப்படுகிறான். பெரியவர்கள் கேட்காமல் அவன் வாய்திறந்திருந்தால்தான் ஆச்சரியம் என்கிறான் ஹாக்ஐ. சில வரிகளில் ஒரு வளர்ப்பு முழுவதும் தெரிந்துவிடுகிறது.

இந்தப் பையனைத்தான் கூப்பர் கொல்லப் போகிறார். வெறும் பதினெட்டு இருபது வயது வீரனாக இல்லாமல், ஒரு வம்சத்தின் கடைசிக் கொடியாக.

கோராவும் சாகிறாள். அவள்தான் இந்த நாவலில் எனக்கு மிகப் பிடித்த பாத்திரம். எல்லாரும் ஒளிந்திருந்த அருவிக் குகையில் வெடிமருந்து தீர்ந்தபோது, ஆண்கள் எல்லாம் வீரமாகச் சாவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருக்க, நீங்கள் நீந்திப் போய் உதவி கொண்டுவாருங்கள் என்று உருப்படியாக யோசித்தது அவள் ஒருத்திதான். அவள் அம்மா (ஆலிசின் அம்மா வேறு) மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்தவர், அடிமைகளின் வழியில் வந்த ரத்தம் தூரத்தில் கலந்தவர். மன்றோ இதை ஹேவர்டிடம் சொல்லிவிட்டு, இதற்காகத்தான் கோராவை விட்டு ஆலிசைக் கேட்கிறாயா என்று பாய்கிறார். ஹேவர்ட் அப்படியெல்லாம் இல்லை என்கிறான். சொல்லும்போதே, அந்த அருவருப்பு தன் இயல்பிலேயே ஒட்டவைத்ததைப் போல ஆழமாக வேரோடியிருப்பது அவனுக்கே தெரிகிறது என்று கூப்பர் எழுதுகிறார். நம்மூரில் வாழ்கிறவர்களுக்கு இந்த இடத்துக்கு உரை தேவையில்லை. 1992-ல் மைக்கேல் மன் எடுத்த படத்தில் கோராவின் இந்தப் பின்கதையே கிடையாது. அன்கஸின் மனது ஆலிசிடம் போய்விடுகிறது, கோராவை ஹாக்ஐக்குக் கொடுத்துவிடுகிறார்கள். படம் எனக்குப் பிடிக்கும். ஆனால் நாவலின் முள்ளை அது பிடுங்கிவிட்டது.

கடைசி அத்தியாயம் இரண்டு உடல்களின் அடக்கம். மொஹிகன்களுக்கு உறவான டெலவேர் இனத்துப் பெண்கள் அன்கஸையும் கோராவையும் சேர்த்து வைத்துப் பாடுகிறார்கள். மறு உலகத்தில் அவன் அவளுக்கு வேட்டையாடிக் கொடுப்பான், அவள் அவனுக்குத் துணையிருப்பாள் என்று ஒருத்தி எடுக்க மற்றவர்கள் தொடர்கிறார்கள். இறந்தவரை முன்னே வைத்து, வாழாமல் விட்டதையெல்லாம் பாடிக் கொடுக்கிற நம் ஒப்பாரியேதான். அந்த மொழி தெரிந்த ஒரே வெள்ளையனான ஹாக்ஐ அதைக் கேட்டுத் தலையை ஆட்டி மறுக்கிறான். மன்றோவுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாம் முடிந்ததும் அவர் ஹாக்ஐயிடம், இந்தப் பெண்களுக்கு என் நன்றியைச் சொல், நிறமும் தகுதியும் பார்க்காமல் கடவுளின் சிம்மாசனத்தைச் சுற்றி நாம் எல்லாரும் கூடுகிற நாள் தூரமில்லை என்று சொல் என்கிறார். ஹாக்ஐ சொல்ல மறுக்கிறான். குளிர்காலத்தில் பனி விழாது என்று சொல்வதைப் போன்றது இது என்கிறான்.

இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சடைக்கும். பெண்ணைப் பறிகொடுத்த கிழவருக்கு அந்த நேரத்தில் மட்டும் எல்லாரும் சமம் என்று தெரிகிறது. மாகுவாவின் முதுகில் சாட்டை விழச்செய்த அதே மனிதர். சிங்காச்கூக்கைத் தம்பியாக நினைக்கிற, அன்கஸுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்த ஹாக்ஐக்கு இந்தச் சமத்துவம் நம்ப முடியாததாக இருக்கிறது. நட்பு கல்லறைக்கு மேல் கைகோக்கும், ரத்தம் கலப்பதை மட்டும் கற்பனையில்கூட அனுமதிக்காது. இதில் யார் சரி என்று கூப்பர் சொல்லவில்லை. அவர் அந்தக் காலத்து மனிதர், ஹாக்ஐ பக்கம் சாய்ந்திருக்கவே வாய்ப்பு. ஆனாலும் அந்தப் பெண்களின் பாட்டை அவர் வெட்டவில்லை.

பிறகு டெலவேர்களின் முதியவர் டாமனண்ட் எழுந்து, வெள்ளையர் இந்த மண்ணுக்கு எஜமானர்கள் ஆகிவிட்டார்கள், மொஹிகன்களின் கடைசி வீரனையும் பார்த்துவிட்டேன் என்று முடித்துவைக்கிறார். நான் முன்னால் சொன்ன வசதி இதுதான். ஓர் இனம் தானாக அணைந்துவிட்டது, இனி அழ மட்டும்தான் முடியும் என்றால், நிலத்தைத் திருப்பித் தருவதைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை. நாவல் வெளிவந்த நான்கு வருடத்தில், 1830-ல், பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே வெளியேற்றும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது.

மொஹிகன்கள் அப்போது எங்கே இருந்தார்கள்? 1730-களில் மாசசூசெட்ஸின் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற ஊரில் கிறிஸ்தவ மிஷன் அமைந்தபோது பலர் அங்கே கூடினார்கள். பிரெஞ்சுப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்றார்கள். அமெரிக்கச் சுதந்திரப் போரில் அமெரிக்கர் பக்கம் நின்றார்கள். 1778 ஆகஸ்ட் 31 அன்று கிங்ஸ்பிரிட்ஜில் அவர்களுடைய வீரர்கள் பலர் ஒரே நாளில் விழுந்தார்கள். போர் முடிந்து திரும்பியவர்களுக்கு ஸ்டாக்பிரிட்ஜில் நிலம் மிஞ்சவில்லை. நியூயார்க்கில் ஒனைடா என்ற பூர்வகுடி மக்கள் இடம் கொடுத்தார்கள். அங்கிருந்தும் நகரவேண்டி வந்து, 1822-லிருந்து குழுக்குழுவாக விஸ்கான்சினுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கூப்பர் 'கடைசி' மொஹிகனைப் புதைத்துக்கொண்டிருந்த அதே நாட்களில், மொஹிகன் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு மேற்கே பயணத்தில் இருந்தன. 1828-ல் எலெக்டா குவின்னி என்ற மொஹிகன் பெண் விஸ்கான்சினில் பள்ளிக்கூடம் திறந்தார். அந்த மாநிலத்தின் முதல் பொதுப்பள்ளி ஆசிரியர் என்று இன்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

கூப்பர் வேறொரு குழப்பமும் செய்தார். அன்கஸ் என்ற பெயரில் நிஜமாகவே ஒரு தலைவர் இருந்தார். ஆனால் அவர் பதினேழாம் நூற்றாண்டுக்காரர். அதோடு மொஹிகன் அல்ல, கனெக்டிகட்டைச் சேர்ந்த மொஹீகன், வேறு இனம். பெயர் காதில் ஒன்றுபோல் கேட்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். அந்த மக்களும் இருக்கிறார்கள். 1994-ல் அமெரிக்க அரசு அவர்களைத் தனி இனமாக அங்கீகரித்தது. அவர்கள் ஊரின் பெயர் அன்கஸ்வில்.

ஜான் குவின்னி என்ற மொஹிகன் தலைவர் 1854 ஜூலை 4 அன்று, நியூயார்க்கின் ரீட்ஸ்வில்லில் நடந்த சுதந்திர தின விழாவில் பேசினார். என் தகப்பன்மாரின் நிலத்தைப் பிடித்து வைத்திருப்பவர்களின் வெற்றி விழாவில் ஓர் இந்தியன் (பூர்வகுடிகளை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்) வந்து நிற்பது உங்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம் என்று தொடங்கி, ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாக எப்படி முறிக்கப்பட்டன என்று சொன்னார். தேசங்கள் செய்யும் குற்றங்களுக்கு இந்த உலகத்திலேயே பரிகாரம் ஆகியாக வேண்டும் என்றார். சிங்காச்கூக் ஓடைக்கரையில் பேசியதன் தொடர்ச்சிதான் இது. ஆனால் இங்கே பேசுகிறவருக்கு வசனம் எழுதித் தர யாரும் தேவைப்படவில்லை.

1745-ல் லண்டனிலிருந்து ஸ்டாக்பிரிட்ஜ் மொஹிகன்களுக்குப் பரிசாக வந்த ஒரு பைபிள் உண்டு. அவர்கள் போன இடமெல்லாம் அதுவும் போயிற்று. இருபதாம் நூற்றாண்டில் கைமாறி, ஸ்டாக்பிரிட்ஜிலேயே ஒரு அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பல வருடம் கேட்டுப் போராடி 1991-ல் அதைத் திரும்ப வாங்கினார்கள். விஸ்கான்சினில் ஷவானோ வட்டாரத்தில், மன்ஸி என்ற இன்னொரு பூர்வகுடி மக்களோடு சேர்ந்து, சொந்த அரசாங்கமும் நூலகமும் வைத்துக்கொண்டு இன்றும் வாழ்கிறார்கள்.

நாவலை முதல்முறை கையில் எடுக்கிறவர்கள் மூன்றாம் அத்தியாயம் வரும்வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பதினொன்றையும் முப்பத்து மூன்றையும் அவசரமாகத் தாண்டாதீர்கள். முடித்த கையோடு குவின்னியின் உரையையும் தேடிப் படித்துவிடுங்கள். இணையத்தில் கிடைக்கிறது, பத்தே நிமிடம்தான் ஆகும்.